நாய்க்கு விசாரணை, மனுஷனுக்கு முத்திரை

1871இல் வெள்ளைக்காரன் இரண்டு சட்டம் போட்டான். ஒன்று, அவன் ஊர் நாய்களுக்கு. மற்றது, இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம்.

ஒரு நாய் ஆபத்தானது என்று புகார் வந்தால் கோர்ட் அந்த நாயை மட்டும் விசாரிக்கும். கட்டுப்பாட்டில் வைக்கும்படி வளர்த்தவனுக்கு உத்தரவிடும், அல்லது கொல்லச் சொல்லும். இங்கேயோ அரசு அறிவித்தால் சாதி முழுக்கப் பிறவிக் குற்றவாளி. அதைக் கேள்வி கேட்க கோர்ட்டுக்கே அதிகாரமில்லை. 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள்.

1991இல் பிரிட்டன் பிட்புல் உள்ளிட்ட நாலு வகை நாய்களைத் தடை செய்தது. கடிக்காத நாயை இனம் பார்த்துத் தண்டிக்கலாமா என்று அங்கே இன்னும் வாதிடுகிறார்கள். நியாயமான கேள்விதான். மனுஷ ஜாதிக்கு அந்தச் சட்டம் ஒழிய 1952 வரை, 81 வருஷம் ஆச்சு. ஒழிஞ்ச பிறகும் திருட்டுக் கேஸ் என்றால் போலீஸ் முதலில் தேடுவது குறவர் தெருவைத்தான்.