61 பங்குகள் 23 ஆனது எப்படி? கருத்து கேட்டால் கோவில் தப்புமா?

பால்டிமோர்: தாத்தா காலத்தில் இருந்து போய் வந்த கோவிலில் இனி ஞாயிறு பூசை கிடையாது என்றால் மனசு தாங்குமா? அமெரிக்காவின் பால்டிமோர் நகர கத்தோலிக்கர்கள் பலருக்கு 2024-ம் ஆண்டு இந்த நிலைமைதான் வந்தது.

அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க மறைமாவட்டம் இங்குதான் 1789-ல் உருவானது. 1950-ல் நகரின் மக்கள் தொகை சுமார் 9½ லட்சம். 2020-ல் அது 5 லட்சத்து 85 ஆயிரமாக குறைந்தது. பல கோவில்களில் பெஞ்சுகள் காலி. ஆனால் பராமரிப்பு செலவு மட்டும் குறையவில்லை.

இதனால் பங்குகளை இணைப்பது பற்றி 2022-ல் ஆலோசனை தொடங்கியது. 2024 ஏப்ரலில் 61 பங்குகளை 21 ஆக குறைக்கும் வரைவு திட்டம் வெளியானது. அதன்மீது பொதுக்கூட்டம் போட்டு மக்களிடம் கருத்து கேட்டார்கள்.

2023 செப்டம்பரில்தான் உயர் மறைமாவட்டம் திவால் மனு கொடுத்திருந்தது. பாலியல் புகார் வழக்குகளே அதற்கு காரணம். 'கோவிலை வித்து காசு பார்க்கத்தான் இதெல்லாமா?' என்ற சந்தேகம் எழுந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நிர்வாகம் மறுத்தது.

மே 22-ந்தேதி பேராயர் வில்லியம் லோரி இறுதி முடிவை அறிவித்தார். 21 என்பது 23 பங்குகளாக மாறியது. 30 இடங்களில் வழிபாடு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது.

ஓட்டு போடுவது அல்ல

கருத்து கேட்பு என்பது தேர்தல் அல்ல. திருச்சபை சட்டம் 515-ன்படி பங்கை உருவாக்க, கலைக்க, மாற்ற ஆயருக்கே அதிகாரம். ஆனால் குருக்கள் மன்றத்தின் கருத்தை அவர் கேட்டே ஆக வேண்டும்.

அதற்காக இஷ்டத்துக்கு மூட முடியாது. சாமியார் பற்றாக்குறை, மறைமாவட்டத்தின் பொதுவான பண நெருக்கடி ஆகியவை மட்டும் பங்கை கலைக்க போதுமான காரணம் ஆகாது என்று வாடிகன் 2020-ல் கூறி இருக்கிறது.

இணைப்பு வேறு, மூடல் வேறு

இரண்டு பங்கு ஒன்றானாலும் இரண்டு கோவிலும் திறந்திருக்கலாம். ஒரு கோவிலை வழிபாட்டில் இருந்தே நீக்க சட்டம் 1222-ன்படி தனி உத்தரவு வேண்டும். அதற்கு கனமான காரணம் காட்ட வேண்டும். எனவே, 'பங்கு மட்டும் இணையுதா, கோவிலையும் மூடுறீங்களா?' என்பதுதான் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அப்பீல் உண்டா?

உண்டு. உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அதை திரும்பப் பெறும்படி ஆயரிடமே எழுத்து மூலம் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் 15 நாளுக்குள் வாடிகனுக்கு போகலாம். நாள் தவறினால் மனு எடுபடாமல் போகலாம்.

11 வருட போராட்டம்

பாஸ்டன் உயர் மறைமாவட்டத்தில் 2004-ல் ஏராளமான பங்குகள் மூடப்பட்டன. சிட்டுவேட் ஊர் மக்கள் கோவிலை விட்டு வெளியேற மறுத்து, இரவு பகலாக முறை வைத்து உள்ளேயே இருந்தார்கள். வாடிகனிலும் கோர்ட்டிலும் தோற்று, 2016 மே மாதம் வெளியேறினார்கள்.

மூடிய பிறகு 11 வருடம் போராடியும் அந்த கோவில் கிடைக்கவில்லை. பால்டிமோரிலோ வரைவு நிலையிலேயே மக்கள் பேசினார்கள். அதன் பிறகு வந்த இறுதி பட்டியலில் 2 பங்குகள் கூடின என்பது குறிப்பிடத்தக்கது.