பாவலர் சகோதரர்கள்: தங்கிய மெட்டும் போன சொல்லும்

தஞ்சை இசை வரலாறு என்று யார் எழுதினாலும் திருவாரூர் மும்மூர்த்திகளில் தொடங்கி, நாதஸ்வரம், தவில் என்று கோயில் பிரகாரத்தைச் சுற்றி வந்து முடித்துவிடுகிறார்கள். மன்னார்குடியிலிருந்து பார்க்கிற எனக்கு இன்னொரு இசையும் கேட்கிறது. அறுவடை முடிந்த வயலில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், ஒரு மைக்கும் ஆர்மோனியமும் வைத்துப் பாடியது. அதற்குக் கச்சேரி என்று பெயர் கிடையாது. 'கூட்டத்துக்கு முன்னாடி பாட்டு', அவ்வளவுதான்.

அப்படிப் பாடியவர்களில் பெரிய பேர் எடுத்தது பாவலர் சகோதரர்கள் குழு. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் ஒரு தலித் குடும்பம். மூத்தவர் பாவலர் வரதராசன், கம்யூனிஸ்டு. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளிகள் மத்தியில் அவர் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் ஒவ்வொருவராகக் குழுவுக்குள் வந்தார்கள். பதினான்கு வயதில் வந்த ராசய்யா, குரல் உடையாததால் பெண்குரலில் பாடினார். அப்புறம் ஆர்மோனியத்தோடு பத்து வருஷம் ஊர் ஊராக. லிவர்பூல் பையன்கள் நாலு பேர் ஹாம்பர்க் மதுக்கடைகளில் ராத்திரி முழுக்க வாசித்துக் கை பழகியதும் இதே காலம்தான். அவர்களுடைய ஹாம்பர்க் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது.

பாவலரின் முறை எளிமையானது, தந்திரமானதும்கூட. ஜனங்கள் வாயில் ஏற்கனவே இருக்கிற சினிமா மெட்டை எடுத்துக்கொள்வது, அதில் கூலியையும் விலைவாசியையும் ஏற்றுவது. மெட்டு கடன், சொல் சொந்தம். சினிமா நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட காதைச் சினிமாவை வைத்தே திருப்பி வாங்குகிற வேலை இது. இதைக் கலப்படம் என்று முகம் சுளித்த தூய கலைவாதிகள் உண்டு, கட்சிக்குள்ளேயும் உண்டு.

எங்கள் பக்கத்துக் காது இதற்குத் தயாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. 1943இல் பி.சீனிவாசராவ் வந்து தென்பரையில் விவசாய சங்கம் கட்டினார். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த பூமி இது. 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம், 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். எழுத்துத் தெரியாத ஜனம் இவ்வளவையும் காதால்தான் வாங்கியது. சட்டத்தின் ஷரத்தைப் பேச்சாளர் ஒரு மணி நேரம் விளக்குவார். பாட்டு அதையே நாலு அடியில் சொல்லிவிடும்.

ஆனாலும் பாட்டு, பேச்சுக்கு முன்னாடிதான். தலைவர் கார் வந்து சேரும்வரை கூட்டத்தைக் கலையாமல் உட்காரவைக்கிற வேலை. பேச்சு அரசியல், பாட்டு தூண்டிற்புழு. இந்த வரிசையை யாரும் எழுதி வைக்கவில்லை, மேடையே சொல்லிக்கொடுத்தது. இயக்க வரலாறுகளில் மாநாடுகளுக்கும் தீர்மானங்களுக்கும் தேதி இருக்கிறது. பாடினவன் ஒரு வரியில் வந்து போகிறான்.

சினிமாக்காரர்கள் எழுதுகிற வரலாறும் மோசம்தான். அவர்களுக்கு அந்தப் பத்து வருஷம் ஒரு முன்னுரை, இளையராஜா ஆவதற்கு முன் பட்ட கஷ்டம். நேரு இறந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு ராசய்யா மெட்டுப் போட்டதை முதல் இசையமைப்பு என்று குறித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது திருப்பமாகத் தெரிகிறது. மெட்டைக் கடன் வாங்கிச் சொல்லைச் சொந்தமாக்கிய குழுவில், ஒருவன் மெட்டைச் சொந்தமாக்கினான், சொல் இன்னொருவருடையது. வயலிலிருந்து கோடம்பாக்கத்துக்குப் போகிற பாதை அங்கேயே திறந்துவிட்டது. 1960களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குப் போனார்கள். 1968 டிசம்பரில் கீழவெண்மணியில் 44 பேரை உயிரோடு கொளுத்திய காலம் அது. போனதைத் துரோகம் என்று சொல்ல நான் யார்? பாடுகிறவனுக்கும் வயிறு உண்டு. கட்சி அவனுக்குக் கொடுத்தது சாப்பாடும் பஸ் செலவும் கைத்தட்டலும்.

பாவலர் 1973இல் இறந்துபோனார். 'அன்னக்கிளி' வந்தது 1976இல். அண்ணன் பேர் பிறகு பாவலர் கிரியேஷன்ஸ் என்று படக் கம்பெனியின் பெயராகித் திரையில் வந்தது.

அவர் பாடல்களைத் திரட்டுவது நல்ல காரியம். ஆனால் தாளில் இருக்கிற சொல் வேறு, கூட்டத்தின் வாயில் இருந்த சொல் வேறு. கோட்டூர் பக்கம் ஒரு பழைய தோழர், எண்பது தாண்டியவர், சின்ன வயதில் பாவலரைக் கேட்டதாகச் சொன்னார். "பாடிக் காட்டுங்க தோழர்" என்றேன்.

திண்ணையில் தாளம் போட்டுக்கொண்டே ஆரம்பித்தார். மெட்டு பிசகாமல் வந்தது. இரண்டாவது அடியில் நின்றார்.

"வார்த்தை வர மாட்டேங்குது தம்பி. சினிமா வார்த்தைதான் வந்து குந்திக்குது."

மறுபடி முதலிலிருந்து, சொல் இல்லாமல், முனகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.