பாம்புகளுக்கு வீடு கட்டிய ஜோன் புராக்டர்



வேலியோரம் கிடக்கும் பாம்புச் சட்டையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சட்டை உரியாமல் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டால் பாம்பு என்ன பாடுபடும்? அதற்குச் சளி பிடித்தால் என்ன ஆகும்? இதையெல்லாம் கவலையோடு யோசித்த ஒரு பெண்ணைப் பற்றி இன்று எழுதுகிறேன். பெயர் ஜோன் புராக்டர். 1897இல் லண்டனில் பிறந்தவர்.

சிறுமியாக இருக்கும்போதே வீட்டில் பாம்பும் பல்லியும் வளர்த்தார். பதினாறு வயதில் முதலைக் குட்டி ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப் போனார், அதுவும் கணக்கு வகுப்புக்கு! அந்த ஆசிரியரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஆனால் அவருக்குத் தீராத குடல் நோய். அறுவைச் சிகிச்சை மேல் அறுவைச் சிகிச்சை. பல்கலைக்கழகப் படிப்பு கைகூடவில்லை. ஊர்வன அறிஞர் ஜார்ஜ் பூலஞ்சரிடம் அருங்காட்சியகத்தில் வேலை கற்றார். 1923இல் லண்டன் உயிரியல் பூங்காவின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார்.

ஊர்வனவற்றுக்கென்றே ஒரு கட்டடம் உலகில் முதன்முதலாக 1849இல் திறக்கப்பட்டது அந்தப் பூங்காவில்தான். ஆனாலும் வெயில் நாட்டுப் பாம்பை லண்டன் குளிரில் காப்பாற்றுவது லேசான காரியமா?

நம்மைப்போல் பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெளியிலிருந்துதான் பெற வேண்டும். குளிர்ந்துவிட்டால் செரிமானமும் நோயை எதிர்க்கும் சக்தியும் தளரும். பெரும்பாலான பாம்புகளுக்கு வலது நுரையீரல் ஒன்றுதான் முழுமையாக வேலை செய்கிறது. நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்றவும் அவற்றால் முடியாது. சளி கட்டினால் தலையைத் தூக்கி, வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும். காற்று வறண்டிருந்தாலோ, முழுதாகக் கழல வேண்டிய சட்டை துண்டு துண்டாக உரியும். கண்ணை மூடியிருக்கும் மெல்லிய தோல் போகாமல் தங்கிவிடும்.

1927இல் திறக்கப்பட்ட புதிய ஊர்வன இல்லத்தை வடிவமைத்தவர் ஜோன்தான். கட்டடம் முழுவதையும் ஒரே சூட்டில் வைக்காமல், அந்தந்தப் பிராணிக்கு ஏற்ற சூட்டை மின்சாரத்தால் கொடுத்தார். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களை உள்ளே விடும் தனிக் கண்ணாடி பதித்தார். பென்சிலின்கூடக் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நோய் வந்தபின் கொடுக்க மருந்து அதிகம் இல்லை. வராமல் காக்கும் இடத்தைத்தான் அவர் கட்டினார்.

அவர் உடம்பு மட்டும் தேறவே இல்லை. கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் பூங்காவைச் சுற்றி வந்தார். பக்கத்தில் சும்பாவா என்ற கொமோடோ உடும்பு சாதுவாக நடந்து வரும். 1931இல், 34ஆம் வயதில் மறைந்தார்.

வெளிநாட்டில் பாம்பு வளர்க்கும் நம் பிள்ளைகள் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை. ஒட்டிய சட்டையைப் பிய்த்து இழுக்காதீர்கள், கண்ணருகே கையே வைக்காதீர்கள். கூட்டின் சூட்டையும் ஈரத்தையும் முதலில் பாருங்கள். மூச்சுத் திணறினால் அன்றைக்கே ஊர்வன தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது குற்றம். அடிபட்ட பாம்பைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பேரப் பிள்ளைகளுக்கு ஜோனின் கதையைச் சொல்லுங்கள். முதலைக் குட்டியை மட்டும் பள்ளிக்கு எடுத்துப் போக வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.