தெருவில் நடப்பதும் வாங்கிய உரிமைதான்: சென்னையில் மூன்று வரலாற்று நடைகள்

ஆகஸ்ட் மாதம் வந்தால் சென்னையில் வரலாற்று நடைகள் களைகட்டும். 1639 ஆகஸ்ட் 22 நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த வாரத்தில் கோட்டை, ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர் என்று பல இடங்களில் வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, இருபது முப்பது பேர் பின்னால் நடந்து போவதைப் பார்க்கலாம். நீங்களும் போங்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம். வகுப்பறையில் ஒரு பருவம் முழுக்கப் படித்தும் மனதில் நிற்காத செய்தி, அது நடந்த தெருவில் நின்று கேட்டால் நின்றுவிடும்.

ஆனால் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்த நடைகள் எங்கே நிற்கின்றன? கோட்டை, கோயில், தேவாலயம், துபாஷ்களின் மாளிகை. கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டி வைத்தவர்களின் வரலாறு கண்ணுக்குத் தெரிகிறது. கல் சுமந்தவர்கள் ஓலைக் குடிசையில் வாழ்ந்தார்கள், குடிசை நூறு வருடம் நிற்பதில்லை. அதனால்தான் நம் வரலாற்றுக்கு வழிகாட்டியின் தேவை இன்னும் அதிகம். காட்டுவதற்குக் கட்டடம் இல்லாத இடத்தில், சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும்.

நடப்பது என்பதே நமக்குச் சும்மா கிடைத்ததில்லை. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கிய அதே 1924ஆம் ஆண்டில், சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்ற நம் பிரதிநிதிகள் அவைக்குள் இருந்து எழுப்பிய குரலின் விளைவு அது. 1925இல் அரசிதழில் வெளியானது. தெருவில் நடக்கலாம் என்று எழுதி வாங்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் தெரு யாருடையதாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பின்னணியோடு மூன்று நடைகளைப் பரிந்துரைக்கிறோம். ஒரே நாளில் முடிக்க முடியாது, மூன்று ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை ஒதுக்குங்கள்.

முதல் நடை: பாரிமுனையிலிருந்து ரிப்பன் மாளிகை வரை

ஆங்கிலேயர்கள் கோட்டைக்குள் தங்களுக்கு வெள்ளையர் நகரத்தையும் வெளியே இந்தியர்களுக்குக் கறுப்பர் நகரத்தையும் அமைத்தார்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். பழைய கறுப்பர் நகரம் இருந்த இடத்தில்தான் இன்று உயர்நீதிமன்ற வளாகம் நிற்கிறது. ஆனால் 18ஆம் நூற்றாண்டு வரைபடங்களில் மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு: பறச்சேரி. நகரம் வெள்ளை, கறுப்பு என்று இரண்டாகப் பிரிந்தது என்ற கதை முழுமையானதில்லை. கறுப்பர் நகரத்துக்குள்ளும் சாதிக்கொரு தெரு இருந்தது, அதற்கும் வெளியே சேரி இருந்தது. ஊர், சேரி என்ற பிரிவினை கிராமத்தோடு நின்றுவிடவில்லை, நகரம் பிறக்கும்போதே கூடவே வந்தது.

அங்கிருந்து ரிப்பன் மாளிகைக்கு நடந்து வாருங்கள். 1913இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தின் முன் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் மூன்று பெயர்களைச் சொல்லிக்கொள்ளுங்கள். 1937இல் மேயரான ஜெ. சிவசண்முகம் பிள்ளை. 1945இல் மேயரான என். சிவராஜ், அம்பேத்கரோடு நின்று பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர். 2022இல் மேயரான ஆர். பிரியா, அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண். முதல் பெயருக்கும் மூன்றாவது பெயருக்கும் இடையே 85 ஆண்டுகள். இந்த இடைவெளியைப் பற்றி அந்த வாசலிலேயே நின்று பேசுங்கள்.

இரண்டாம் நடை: இராயப்பேட்டை, அடையாறு

அயோத்திதாசப் பண்டிதருக்கு கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2023இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. இரட்டைமலை சீனிவாசனின் நினைவிடமும் அதே வளாகத்தில் இருக்கிறது. அவசியம் பாருங்கள். ஆனால் பண்டிதர் வேலை செய்தது இராயப்பேட்டையில். 1898இல் ஆல்காட்டோடு இலங்கைக்குச் சென்று பௌத்தம் தழுவித் திரும்பியவர், சாக்கிய பௌத்த சங்கத்தை அங்கேதான் நடத்தினார். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியதும் அங்கிருந்துதான். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் மறையும் வரை வாரந்தோறும் வந்த அந்த இதழ் கோலார் தங்கவயல் வரை போய் வாசிக்கப்பட்டது. இராயப்பேட்டைத் தெருக்களில் நடக்கும்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய புரவலர் இல்லாமல், வாரம் ஒரு இதழுக்கு எழுதி, அச்சிட்டு, அனுப்பி வைக்க எத்தனை பேர் உழைத்திருப்பார்கள்? அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

பிறகு பேருந்து ஏறி அடையாறு போங்கள். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஆல்காட் 1894இல் தொடங்கிய இலவசப் பள்ளி இன்றும் பெசன்ட் நகர் அருகே ஆல்காட் நினைவுப் பள்ளியாக நடக்கிறது. அருங்காட்சியகமாக மாறாமல், இன்னும் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடமாகவே இருப்பதுதான் அதன் சிறப்பு.

மூன்றாம் நடை: பெரம்பூர், புளியந்தோப்பு

கடினமான நடை இதுதான். பக்கிங்காம் கர்னாடிக் ஆலைகளும் 1918இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கமும் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கப் பக்கங்கள். 1921இல் ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் தொடரவில்லை. கையில் சேமிப்பு இல்லாதவர்கள், சங்கத் தலைமையில் இடமில்லாதவர்கள் அவர்கள். எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். அந்தப் பகை புளியந்தோப்பில் கலவரமானது. சேரிக் குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

தொழிலாளர் வரலாறு இவர்களைக் 'கருங்காலிகள்' என்று ஒற்றைச் சொல்லில் கடந்துவிட்டது. வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கை பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரே ஆலையில் வேலை செய்தவர்கள் மாலையில் ஏன் வேறு வேறு தெருக்களுக்குத் திரும்பினார்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் அந்த ஆண்டைப் புரிந்துகொள்ள முடியாது என்கிறோம். புளியந்தோப்பில் நடக்கும்போது அந்தத் தூரம் காலுக்கே தெரியும். ஆலை 1996இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன.

எப்படி நடப்பது?

பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். சேரியில் கூட்டமாகப் போய் நின்றால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள், நினைப்பதும் நியாயம். அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவரை, முடிந்தால் ஒரு அம்மாவை, வழிகாட்டியாக அழையுங்கள். தண்ணீர்க் குழாய் எப்போது வந்தது, எந்தக் கடையில் தனிக் குவளை இருந்தது, எந்த மழையில் எதுவரை வெள்ளம் ஏறியது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவருடைய அரை நாளுக்குக் கட்டாயம் பணம் கொடுங்கள். பேராசிரியருக்கு மதிப்பூதியம், ஆயாவுக்கு டீ என்ற வழக்கம் நம்மிடம் வேண்டாம். கேட்காமல் வீட்டையோ ஆளையோ படம் எடுக்காதீர்கள். கேட்டதை அன்றிரவே எழுதுங்கள். ஆண்டும் இடமும் வந்தால் நூலகத்தில் சரிபாருங்கள். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.

இதில் அவசரமும் இருக்கிறது. கூவம் கரையிலும் மற்ற நீர்நிலைக் கரைகளிலும் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களை கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். வீடு இடிபடும்போது அந்த இடத்தைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவரும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறார். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025இல் அறிவித்தார்கள். இழிவு போகட்டும், வரவேற்கிறோம். பலகையில் பெயர் மாறிய பிறகு, அங்கே யார் இருந்தார்கள், ஏன் அங்கே வைக்கப்பட்டார்கள் என்பதைச் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

உங்கள் ஊர் மதுரையோ வேலூரோ கோவையோ, இதே போல ஒரு வழியை நீங்களே வரையலாம். முதலில் பேருந்து நிலையத்திலிருந்து உங்கள் தெரு வரை நடந்து பாருங்கள். வழியில் எந்த வளைவில் தார்ச்சாலை நின்று மண் சாலை தொடங்குகிறதோ, அங்கே நின்று அங்குள்ள பெரியவரிடம் பேச்சுக் கொடுங்கள்.