நல்ல தந்தை, நல்ல கணவர்: இராமேசுவரம் ஜைனுலாப்தீன் மரைக்காயர்



2002 முதல் 2007 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களை அறியாதார் இலர். அவருடைய பெயரின் முன்னெழுத்துகள் அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்னும் மூன்று தலைமுறையினரைக் குறிப்பன. அவர்களுள் மூன்றாமவரே கலாமின் தந்தையார். பரளச்சி உள்ளிட்ட நம் வட்டாரம் 1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தமையால், அப்பெரியவர் நம் மாவட்டத்தவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. நாம் வானத்தை நம்பி வாழும் கரிசல்காட்டார். அவர் கடலை நம்பி வாழ்ந்த தீவினர்.

ஜைனுலாப்தீன் மரைக்காயர் அதிகம் படித்தவர் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் வாழ்ந்த அவர், படகுத் தொழில் செய்தார். பள்ளிவாசலில் இமாமாகவும் பணியாற்றினார். அதிகாலை 4 மணிக்கே எழுந்து தொழுகையை முடித்து, ஏறத்தாழ 4 மைல் தொலைவிலிருந்த தம் தென்னந்தோப்புக்கு நடந்தே செல்வார். ஒரு டசன் தேங்காய்களைத் தோளில் சுமந்து திரும்பிய பின்னரே காலை உணவு. அறுபது வயதைக் கடந்த பின்னும் இவ்வழக்கத்தை அவர் கைவிடவில்லை.

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிச் செல்ல அவர் கடற்கரையிலேயே மரப்படகு ஒன்றைக் கட்டினார். உறவினர் அகமது ஜலாலுதீன் அவருக்குத் துணை நின்றார். பின்னாளில் மகள் ஜொஹராவை மணந்தவர் இவரே. படகில் ஏறியோர் பெரும்பாலும் இந்து யாத்ரீகர்கள். இராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரிகளோ மரைக்காயரின் நெருங்கிய நண்பர். நன்றாக நடந்து வந்த தொழிலைப் புயல் சிதைத்தது. படகைக் கடல் கொண்டு போயிற்று. எனினும் குடும்பத்தார்க்கு உணவு, உடை, மருந்து ஆகியவற்றில் குறை நேராமல் அவர் பார்த்துக்கொண்டார்.

மனைவி ஆஷியம்மாள் அவருக்கு வாய்த்த உற்ற துணை. வீட்டார் எண்ணிக்கையைவிட அவ்வீட்டில் அன்றாடம் உண்ட வெளியாரின் எண்ணிக்கை அதிகம் என்று மகன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். கணவர் மனமுவந்து அழைக்க, மனைவி முகம் சுளிக்காமல் பரிமாறினாலன்றி எந்த இல்லத்திலும் இது நடவாது. இருவரும் ஒருமனப்பட்டு நடத்திய இல்லறம் அது. மேற்படிப்புக்காக மகன் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்குப் புறப்பட்டபோது தாயின் மனம் தயங்கியது. மனைவியை அதட்டி அடக்காமல், பக்குவமாக எடுத்துச் சொல்லித் தேற்றியவர் மரைக்காயர்.

மாலைத் தொழுகை முடிந்து அவர் வெளியே வரும்போது, பல சமயத்தாரும் பாத்திரத்தில் நீருடன் காத்திருப்பர். அவர் விரல் நுனியை நீரில் தோய்த்து துஆ செய்து கொடுப்பார். நோய் நீங்கியவர்கள் நன்றி சொல்ல வந்தால், அந்த நன்றி அல்லாஹ்வுக்கே உரியது என்று சொல்லி அனுப்புவார்.

பொறுப்பில் இருப்போர் நினைவில் நிறுத்த வேண்டிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. நாடு விடுதலை பெற்ற காலத்தில் அவர் இராமேசுவரம் பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு நாள் அவர் தொழச் சென்றிருந்த வேளையில் ஒருவர் வந்து, பரிசுப் பொருள்களைக் கொடுக்க வேண்டும் என்றார். வீட்டிலிருந்த சிறுவர் கலாம், கட்டிலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். விலையுயர்ந்த வேட்டி, அங்கவஸ்திரம், பழங்கள், இனிப்புகள் அப்பொதியில் இருந்தன. திரும்பி வந்து அதனைக் கண்ட தந்தையார் கடுஞ்சினம் கொண்டு மகனை அடித்தார். மகன் அவரிடம் அடி வாங்கியது அதுவே முதன்முறை. பின்னர் அழுத பிள்ளையின் தோளைப் பரிவுடன் தொட்டு, தம் அனுமதியின்றி எவரிடமும் பரிசு பெறலாகாது என்றும், பதவியை முன்னிட்டு வரும் பொருள் ஆகுமானதன்று என்றும் ஹதீஸின் துணைகொண்டு விளக்கினார். பல்லாண்டுகளுக்குப் பின் கலாம் இதனைத் தம் வாழ்நாள் பாடமாகப் பல மேடைகளில் எடுத்துரைத்தார். அந்தப் பிள்ளை நாட்டின் முதற்குடிமகனாக உயர்ந்தபோதும் எளிமையாகவே வாழ்ந்ததற்கு வித்து எங்கே ஊன்றப்பட்டது என்பதை நாம் இதனால் அறிகிறோம்.

மரைக்காயர் 1976இல் தம் 102ஆம் வயதில் வஃபாத்தானார். ஆஷியம்மாளும் நெடுநாள் தாமதிக்கவில்லை. மகனின் உயர்பதவியைக் காண அவ்விருவரும் இருக்கவில்லை. 2015 ஜூலை 27 அன்று காலமான கலாமும் இராமேசுவரம் மண்ணிலேயே அடக்கமானார்.

மகன் எழுதிவைத்ததால் இத்தந்தையின் வரலாறு நமக்குக் கிடைத்தது. கண்மாய் வறண்ட ஆண்டுகளில் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றும், ஹலாலான சம்பாத்தியத்தில் பிள்ளைகளைக் கரையேற்றியும் மறைந்த தந்தையர் நம் மஹல்லாவிலும் பலர் உண்டு. அவர்களுடைய வாழ்க்கையை எழுதிவைக்க ஆள் இல்லை. அவரவர் குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது நம் கடமையாகும். எழுதுவதோடு நில்லாமல், நம் வீட்டுக் கட்டிலில் யார் எதை வைத்துச் செல்கிறார்கள் என்பதையும் கவனிப்போமாக.

வல்ல அல்லாஹ் நம் முன்னோர் அனைவருக்கும் மறுமையில் உயர்ந்த பதவியைத் தந்தருள்வானாக. ஆமீன்.