ஊதா நிறம் மஞ்சளானா அது மருந்தா? அலையாத்திப் பழங்களில் நடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் சோதனை

அலையாத்திக் காடுன்னு சொன்னதும் பிச்சாவரம் படகு சவாரிதான் ஞாபகம் வரும். அந்தக் காட்டு மரங்களின் பழச்சாற்றில் ஆன்டிஆக்சிடன்ட் எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகங்களில் சோதிக்கிறார்கள். அதில் நல்ல முடிவு வந்துவிட்டால் பழத்தைச் சாப்பிடலாமா? பார்க்கலாம்.

ஆன்டிஆக்சிடன்ட்னா என்ன?

உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனும் நிலையற்ற மூலக்கூறுகள் உருவாகின்றன. இவை அளவுக்கு மீறினால் செல்களைச் சேதப்படுத்தும். அவற்றை அடக்கும் பொருட்களே ஆன்டிஆக்சிடன்ட். நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி இதற்கு உதாரணம்.

ஏன் அலையாத்தி மரங்கள்?

உப்புநீர், கடும் வெயில், ஆக்சிஜன் குறைந்த சேறு. இத்தனையையும் தாங்கி வளரும் இந்த மரங்களில் பாலிஃபீனால், டானின் போன்ற பொருட்கள் நிறையவே உண்டு. ஆன்டிஆக்சிடன்டாக வேலை செய்வதும் இவைதான்.

சோதனை எப்படி நடக்குது?

* பழத்தைக் காயவைத்துப் பொடியாக்கி, மெத்தனால் அல்லது எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுவார்கள்.
* ‘டிபிபிஎச்’ என்ற ரசாயனமும் ஒரு ஃப்ரீ ராடிக்கல்தான். அதன் கரைசல் அடர் ஊதா நிறத்தில் இருக்கும். அதில் சாற்றைப் பல அளவுகளில் கலந்து, பொதுவாக 30 நிமிடம் இருட்டில் வைப்பார்கள்.
* ஆன்டிஆக்சிடன்ட் இருந்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். எவ்வளவு மங்கியது என்பதை 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் கருவி அளக்கும்.
* டிபிபிஎச்சில் பாதியை அடக்க எவ்வளவு சாறு தேவை என்று கணக்கிட்டு, வைட்டமின் சி-யுடன் ஒப்பிடுவார்கள்.

இந்த எண் பெருசா இருந்தா நல்லதுன்னு நினைச்சிடாதீங்க. எண் குறைய குறையத்தான் சாற்றின் வீரியம் அதிகம்.

அப்போ சாப்பிடலாமா?

அவசரப்படக் கூடாது. சோதனைக் குழாயில் நடப்பது உடலுக்குள் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. சாறு செரிமானத்தைக் கடந்து, ரத்தத்தில் கலந்து, செல்களைச் சென்றடைய வேண்டும். முக்கியமாக, இந்தச் சோதனை பழத்தில் விஷம் இருக்கிறதா என்று சொல்லாது.

இலங்கையில் ‘கிரல’ எனும் அலையாத்திப் பழத்தை ஜூஸ் போட்டுக் குடிக்கிறார்கள். அதே போன்ற கரையோரச் சதுப்புகளில் வளரும் ஒதளங்காயும் பார்க்கச் சின்ன மாங்காய் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதன் கொட்டையில் இதயத்துடிப்பையே நிறுத்தக்கூடிய விஷம் இருக்கிறது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம்.

ஆக, ஊதா மஞ்சளாவது முதல் படி மட்டும்தான். விஷத்தன்மைச் சோதனை, விலங்குகளில் சோதனை, மனிதர்களில் சோதனை என்று பல படிகளைத் தாண்டினால்தான் அது மருந்து. அதுவரை, பெயர் தெரியாத காட்டுப் பழத்தை வாயில் வைக்காதீங்க!