வெளிநாட்டு மருமகளும் பக்கத்துத் தெரு மருமகனும்

அன்னூரில் இருந்து கிழக்கே அவிநாசி தாண்டினால் திருப்பூர். பனியன் ஆர்டர் கொடுக்க வருகிற வெளிநாட்டு வியாபாரிகளும், கோவையின் பம்ப் கம்பெனிகளுக்கும் மில் இயந்திரத் தொழிற்சாலைகளுக்கும் வருகிற பொறியாளர்களும் பெரும்பாலும் பிசினஸ் விசாவில்தான் வருகிறார்கள். சில வாரமோ சில மாதமோ தங்கிவிட்டுப் போகிறார்கள். அப்படி வந்த ஒருவர் இங்கே உள்ள ஒருவரை விரும்பினால் திருமணம் செய்துகொள்ள முடியுமா? முடியும். சட்டம் தடுக்கவில்லை. ஊரும் பெரும்பாலும் தடுப்பதில்லை. வெளிநாட்டுப் பெண் பட்டுச்சேலை கட்டி, மல்லிகை வைத்து, "தமிழ் முறைப்படி" தாலி கட்டிக்கொண்ட படம் செய்தித்தாளில் வருகிறது. கொங்குக் கல்யாணம் என்றால் அருமைக்காரர் சொல்லச் சொல்ல எல்லாச் சீரும் நடக்கிறது. அவளுடைய குலம் என்ன, கூட்டம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

அந்த ஜோடி நன்றாக வாழட்டும். எங்கள் கேள்வி வேறு. ஏழு கடல் தாண்டி வந்தவளை மருமகளாக ஏற்கிற அதே வீடு, பக்கத்துத் தெருவில் பிறந்த தலித் இளைஞனை ஏன் மருமகனாக ஏற்க மறுக்கிறது?

இதற்கான பதிலை அண்ணல் அம்பேத்கர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்துவிட்டார். 1916 மே 9 அன்று நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில், 25 வயது மாணவராக அவர் ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம், அதாவது சாதிக்குள்ளேயே மணம் முடிப்பது என்பதுதான் அதன் சாரம். தீட்டு, தொழில், உணவு விலக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான். 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோதும் கலப்பு மணமே உண்மையான மருந்து என்றார்.

அவர் சொன்னதற்கான சாட்சி அதே அமெரிக்காவில், ஏழு ஆண்டுகள் கழித்து, எதிர்த்தரப்பில் இருந்தே வந்தது. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர், அமெரிக்கக் குடியுரிமை கேட்டார். அன்றைய சட்டப்படி குடியேறிகளில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழியினருக்கும் மட்டுமே அது கிடைக்கும். நிறவெறிச் சட்டத்தையே எதிர்த்து அவர் தரப்பு வாதாடவில்லை. தான் உயர்சாதி இந்து, ஆரிய இனம், எனவே வெள்ளையரே என்று வாதாடியது. திருமண விஷயத்தில் இந்திய உயர்சாதியினர் பூர்வகுடிகளைப் பார்க்கிற பார்வையும், அமெரிக்க வெள்ளையர் கறுப்பரைப் பார்க்கிற பார்வையும் ஒன்றுதான் என்று எழுதியே கொடுத்தார்கள். பெண் கொடுக்காமல், பெண் எடுக்காமல் இருப்பதையே தகுதிச் சான்றிதழாக நீட்டினார்கள்.

1923 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சாமானிய மனிதன் 'வெள்ளையர்' என்று யாரை நினைக்கிறானோ அதில் நீ இல்லை என்று சொல்லிவிட்டது. அடி பெண்கள் மீதும் விழுந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியனை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழப்பாள் என்று 1922 கேபிள் சட்டம் சொன்னது. அந்த விதி 1931இல்தான் நீங்கியது. சாதியைக் காட்டி நிறவெறியிடம் இடம் கேட்டவர்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

அதே 1923இல் இந்தியாவில் ஒரு சட்டத் திருத்தம் நடந்தது. 1872 சிறப்புத் திருமணச் சட்டப்படி சிவில் மணம் செய்ய விரும்புகிறவர்கள் தாங்கள் இந்து அல்ல, முஸ்லிம் அல்ல, கிறிஸ்தவர் அல்ல என்று ஒவ்வொரு மதமாக மறுத்து எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஹரி சிங் கௌர் கொண்டுவந்த திருத்தத்தால் இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் தங்களுக்குள் மதத்தை மறுக்காமலே மணக்க முடிந்தது. ஆனால் அப்படி மணந்தவர் கூட்டுக் குடும்பத்தில் இருந்து பிரிந்தவராகவே கருதப்படுவார் என்ற விதியும் சேர்ந்தே வந்தது. சாதி மாறி நடக்கும் இந்துத் திருமணம் எதுவும் அந்தக் காரணத்துக்காகச் செல்லாமல் போகாது என்று நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது 1949இல். அதற்கு முந்தைய ஆண்டு, 1948 ஏப்ரல் 15 அன்று, சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் சாரதா கபீரை டெல்லியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்.

பிறகு வந்ததுதான் இன்றைக்கும் நடைமுறையில் உள்ள 1954 சிறப்புத் திருமணச் சட்டம். எந்த இருவரும் மணக்கலாம், மதமோ சாதியோ குடியுரிமையோ தடையில்லை. பிசினஸ் விசாவில் வந்தவரும் பெரும்பாலும் இந்தக் கதவைத்தான் தட்டுகிறார். ஜோடியில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருந்தால் போதும், அது உள்ளூர்க்காரராகவே இருக்கலாம். பாஸ்போர்ட், காலாவதியாகாத விசா, திருமணமாகாதவர் என்று தூதரகம் தரும் சான்று வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் கழித்து, மூன்று சாட்சிகளோடு கையெழுத்து. திருமணம் ஆனதால் மட்டும் விசா மாறிவிடாது, எஃப்ஆர்ஆர்ஓ அலுவலகத்தில் எக்ஸ் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவான திருமணம் இரண்டு ஆண்டு நீடித்தால் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஏழு ஆண்டு இங்கே வசித்தால் குடியுரிமையே கேட்கலாம்.

அந்த 30 நாளைக் கவனியுங்கள். 1872இல் வெள்ளைக்காரன் வைத்தது 14 நாள். சுதந்திர இந்தியா அதை 30 ஆக்கியது. இரண்டு பேருடைய பெயரும் முகவரியும் பதிவு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்படும். நோட்டீஸ் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் புரட்டலாம். ஜோடியில் ஒருவர் வேறு மாவட்டத்துக்காரர் என்றால் அந்த ஊர் அலுவலகத்துக்கும் நகல் போகும். பிசினஸ் விசாக்காரருக்கு இது விமான டிக்கெட்டைத் தள்ளிப்போடுகிற தொல்லை. ஆதிக்கச் சாதிப் பெண்ணும் தலித் பையனும் என்றால், தேடி அலைகிறவர்களுக்கு அரசே முகவரி எழுதிக் கொடுப்பது.

இது மிகையா? 2015 ஜூனில் கோகுல்ராஜ் திருச்செங்கோடு கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். 2016 மார்ச் 13 அன்று உடுமலை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சங்கரும் கௌசல்யாவும் வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார். 2019 ஜூனில் எங்களுக்கு மேற்கே உள்ள மேட்டுப்பாளையத்தில், தலித் பெண்ணை விரும்பிய தம்பியையும் அந்தப் பெண்ணையும் அண்ணனே வெட்டினான். இருவருமே பிழைக்கவில்லை. இந்தச் சாவுகளுக்கு நோட்டீஸ் காரணமில்லைதான். ஆனால் இப்படிப்பட்ட ஊரில் ஒரு மாதத்துக்கு முகவரியை ஒட்டிவைப்பது என்ன சட்டம்?

தமிழ்நாட்டில் இன்னொரு கதவு உண்டு. பெரியார் வழியில் நடந்த சுயமரியாதைத் திருமணங்களை அண்ணா அரசு 1967 திருத்தத்தால் சட்டபூர்வமாக்கியது. புரோகிதர் வேண்டாம், 30 நாளும் வேண்டாம். ஆனால் அது இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு. இருவருமே சட்டப்படி இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். கிறிஸ்தவ தலித் இளைஞனும் இந்துப் பெண்ணும் மதம் மாறாமல், சர்ச்சுக்கும் போகாமல் மணக்க வேண்டுமென்றால் மறுபடி அந்த நோட்டீஸ் பலகைக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். கலப்புத் திருமணத்துக்கு எட்டு கிராம் தங்கமும் நிதி உதவியும் தருகிற அரசுதான் இந்தப் பலகையையும் வைத்திருக்கிறது.

ஜோடி எழுதிக் கேட்டால் ஒழிய நோட்டீஸ் ஒட்ட வேண்டியதில்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அது உத்தரப் பிரதேசத்துக்கு. இங்கேயும் வேண்டும் என்கிறோம். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டமும் வேண்டும் என்கிறோம்.

அது வரும்வரை, காத்திருக்கிற ஜோடிகள் மூன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே திருமணம் ஆகியிருப்பது, மனநிலைத் தகுதி, வயது, தடைசெய்யப்பட்ட உறவு ஆகியவற்றை வைத்து மட்டுமே ஆட்சேபம் எழுப்ப முடியும், சாதி அதில் இல்லை. பெற்றோர் சம்மதம் தேவையில்லை, சம்மதக் கடிதம் கேட்கிற அதிகாரியிடம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க உத்தரவிட்டது. நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பாதுகாப்பு கேட்டு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.